மூன்றாம் ஓலையை நிறுத்திய சின்னம்மாவுக்கு

அன்புள்ள சின்னம்மா,

இன்று காலை கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாள் கைக்குட்டையை எடுத்து உதறினார். யூகலிப்டஸ் தைல வாசனை குப்பென்று வந்தது. நீங்கள் போன பிறகு வருகிற முதல் குளிர்காலம் இது. பெங்களூரில் பனி இறங்கத் தொடங்கினால் தைலத்தில் நனைத்த கைக்குட்டை இல்லாமல் நீங்கள் வீட்டுப் படி தாண்டியதில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அதே நேரம் போதகர் கல்யாண ஓலை வாசிக்க எழுந்தார். அழுகை ஒரு பக்கம் இருக்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சிரிக்காமல் என்ன செய்வது? நம் சபையில் ஒரு கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, யாருக்காவது தடை தெரிந்தால் அறிவிக்கவும் என்பார் போதகர். யாரும் அறிவிக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் முன்வரிசை இருமும், பின்வரிசை பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசும். என் வாழ்நாளில் ஓலைக்குத் தடை சொன்ன ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் அந்தக் கல்யாணத்தின் மணப்பெண். நீங்கள்தான்.

நீங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்த கதையை நான் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் ஒரு முறையும் சொன்னதில்லை. சொன்னால், "போதும் கிரேஸ், வாய் வலிக்கல?" என்று எழுந்து போய்விடுவீர்கள். இப்போது எழுந்து போக முடியாதல்லவா, உட்கார்ந்து கேளுங்கள்.

அணா போய் நயா பைசா வந்த புதிது அது. காய்கறிக்காரியிடம் மீதிச் சில்லறை வாங்க ஊரே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த காலம். அப்பா கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். அம்மா இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. அண்ணன் தங்கவயல் சுரங்கத்தில் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி அங்கேயே இருந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் அப்பாவும் நானும் தம்பி சாமுவும் மட்டும். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிவிட்டு வந்து வீட்டில் இவர்கள் இருவரையும் அதட்டிக்கொண்டிருந்தேன்.

சாமுவுக்கு அப்போது மீசை அரும்பி நன்றாகவே தடித்திருந்தது. ஆனால் சின்ன வயதில் மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளை. உடம்பு வளர்ந்தது, மனசு ஏழெட்டு வயதில் நின்றுவிட்டது. பால் வாங்கி வருவான், அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோவான், யார் எது கேட்டாலும் கொடுத்துவிடுவான். ஒருநாள் அப்பாவின் சைக்கிளையே காணோம். பதறிப்போய்த் தேடினால், தெருமுனையில் ஒரு பையன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். சாமுவைக் கேட்டோம். "அவன் கேட்டான், குடுத்தேன்" என்றான். அதில் என்ன தப்பு என்று அவனுக்கு இன்று வரை விளங்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு துணை வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான்தான். கோயிலில் எங்களுக்கு இரண்டு பெஞ்சு தள்ளித் தனியாக உட்காருகிற, நாற்பதைத் தொட்ட, வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்த உங்களைக் காட்டியதும் நான்தான். அப்பா காதுவரை சிவந்துபோய், "இந்த வயசுல என்னாத்துக்கு" என்று முனகிவிட்டு, மறுநாளே புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அன்றைக்கு மதியம்தான் நீங்கள் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். நான் கோழிக் குழம்பு வைத்திருந்தேன். சாமு உங்கள் இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் ஒரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தீர்கள். அதைப் பார்த்த சந்தோஷத்தில் அப்பாவுக்குப் பேச்சு வந்தது. சாமுவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அவனால் உங்களுக்கு ஒரு பாரமும் வராது, இந்த வீடு அவனுக்கு என்று உயில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன் என்றார். ஸ்டேஷனில் சீல் வைத்த பார்சல் மாதிரி, ஒருவன் தொட முடியாது என்று பெருமையாகச் சொன்னார்.

நீங்கள் சாப்பிடுவதை நிறுத்தினீர்கள்.

"அது எப்ப எழுதினது?" என்று கேட்டீர்கள்.

மூன்று வருடம் இருக்கும் என்றார் அப்பா.

"அப்ப நம்ம கல்யாணத்தன்னைக்கே அது செல்லாமப் போயிடும்" என்றீர்கள், உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்கிற மாதிரி.

அப்பா சிரித்தார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அவரோடு பார்சல் ஆபீசில் வேலை பார்த்த சுப்பராயலு மாமாவின் வீட்டில் இதே மாதிரி நடந்திருந்தது. அவருடைய பெரியப்பா உயில் எழுதிவிட்டு இரண்டாம் கல்யாணம் செய்தார், உயில் கல்லுக்குண்டு மாதிரி நின்றது, கோர்ட்டே ஒத்துக்கொண்டது. அப்பா அதைச் சொல்லி உங்களைச் சமாதானம் செய்தார். நீங்கள் விடவில்லை. அவர்கள் இந்துக்கள், அவர்களுக்கு அது சரி, நமக்குச் சட்டம் வேறு, கிறிஸ்தவன் எழுதிய உயில் அவன் கல்யாணம் செய்துகொண்டால் தானாகவே ரத்தாகிவிடும் என்றீர்கள். அப்பாவுக்கு முகம் சுருங்கியது. நல்ல நாளில் இந்தப் பேச்சு எதற்கு என்று கையைக் கழுவ எழுந்தார். கல்யாணம் முடியட்டும், ஆற அமர வேறு ஒன்று எழுதிக்கொள்ளலாம் என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. நீங்கள் மிச்சச் சோற்றை வீணாக்காமல் தின்றுவிட்டு, சாமுவின் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரம் கேட்டில் நின்றீர்கள். போதகர் வீட்டுக்குப் போக வேண்டும், நீயும் கூட வா என்றீர்கள். நாளைக்கு யாரும் எதையும் மறைத்துச் செய்ததாகச் சொல்லக்கூடாதாம். எதற்கு என்று கேட்டால், நடையை எட்டிப் போட்டீர்கள். எனக்கோ மண்டை காய்ந்தது. போதகர் முன்னறையில் உட்காரக்கூட இல்லை நீங்கள்.

"ஐயா, நாளைக்கு எங்க ஓலைய வாசிக்காதீங்க. தடை இருக்கு."

போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். யார் தடை சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"நான்தான்" என்றீர்கள்.

பாவம் அந்த மனுஷர். முப்பது வருட ஊழியத்தில் அவருக்கு இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. பெண்ணுக்குச் சம்மதமில்லையா என்று கேட்டார், நல்ல சம்மதம் என்றீர்கள். மாப்பிள்ளையிடம் ஏதாவது குறையா என்றார், ஒரு குறையும் இல்லை என்றீர்கள். பின்னே என்னம்மா தடை என்று அவர் குரல் தழுதழுத்தபோதுதான் உட்கார்ந்தீர்கள். உங்கள் சொந்தக் கதையை அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

ஜோகுபாளையத்தில் உங்கள் அப்பாவுக்கு ஒரு சின்ன வீடு. உங்கள் அம்மா இறந்ததும், ஒரே மகளுக்கு என்று உயில் எழுதி வைத்தார். பிறகு அவரும் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். யாரோ விஷயம் தெரிந்தவர்கள் புது உயில் எழுதச் சொன்னார்களாம். ஆற அமர எழுதிக்கொள்ளலாம் என்றாராம். பிள்ளைகள் பிறந்தன, நாள் ஓடியது, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டார். பெட்டியைத் திறந்து உயிலை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள். அது உங்கள் அப்பாவின் இரண்டாம் கல்யாணத்தன்றே செத்துப்போனது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள். உங்கள் பங்கு டைப்பிங் படிக்கவும் ஹாஸ்டலில் கொஞ்ச நாள் தங்கவும் சரியாகப் போயிற்று.

"எங்க சித்தி கெட்டவங்க இல்லீங்கய்யா" என்றீர்கள் போதகரிடம். "சட்டம் குடுத்தத வாங்கிக்கிட்டாங்க. யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா எனக்கு வீடு இல்ல."

நான் அழுதுவிட்டேன். நீங்கள் அழவில்லை. அழுது தீர்த்த விஷயம் போலும்.

மறுநாள் ஓலை வாசிக்கப்படவில்லை. முதல் இரண்டு வாரம் வாசித்த பெயர் மூன்றாம் வாரம் வராவிட்டால் கோயில் என்ன ஆகும்? ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்தவர்கள்கூட ஒரு கண்ணைத் திறந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்று சாயங்காலத்துக்குள் ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கச் செய்தி: டைப்பிஸ்ட் அம்மா கல்யாணத்துக்கு முன்னாலேயே வீட்டைத் தன் பேருக்கு எழுதிக் கேட்கிறாள், வக்கீல் ஆபீசில் இருந்தவள் அல்லவா, கை தேர்ந்தவள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு பேரிடம் சண்டைக்குப் போனேன். நீங்கள் திங்கட்கிழமை எப்போதும் போல ஆபீசுக்குப் போய் டைப் அடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அப்பாவுக்குத்தான் பெரிய அடி. சபை முன்னால் மானம் போனதென்று ஸ்டேஷனுக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். செய்தி தங்கவயல்வரை போய், அண்ணன் முதல் ரயிலுக்கு வந்து இறங்கினார். வந்த வேகத்தில், "யாரு அந்தப் பொம்பள?" என்றுதான் கேட்டார். அண்ணனுக்கும் நியாயம் இருந்தது. மூத்த மகன். இரண்டு பெண் குழந்தைகள். வீடு சாமுவுக்கு என்று அப்பா எழுதியபோது மனசில்லாமல்தான் சரியென்றார். இப்போது புதிதாக ஒருத்தி வந்து அதையும் கொண்டுபோகப் போகிறாள் என்றால்?

நான் உண்மையைச் சொன்னேன். அண்ணன் நம்பவில்லை. அப்படியானால் வக்கீல் வாயால் கேட்போம் என்று நாங்கள் எல்லோரும் கிளம்பினோம். சாமுவைத் தனியாக விட முடியாது, அவனும் வந்தான்.

உங்கள் வக்கீல் மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னடம் கலந்த தமிழ். நாங்கள் உட்கார்ந்ததும், "எல்லாரும் பந்துபிட்டீங்களா, வந்தது நல்லது" என்றார். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார். கல்யாணம் ஆன நிமிஷத்தில் பழைய உயில் வெறும் காகிதம். அதன் பிறகு அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு புது மனைவிக்கு, மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. வீட்டை அறுத்துப் பிரிக்க முடியாது, விற்றுத்தான் ஆக வேண்டும்.

அப்படியென்றால் கல்யாணமானதும் கோயில் வாசலிலேயே புது உயிலில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் அப்பா, வீம்பாக. போடலாம் என்றார் வக்கீல். ஆனால் சாமு பேருக்கு வீடு வந்த பிறகு அதை அவனிடமிருந்து யார் காப்பாற்றுவது என்று கேட்டார். அப்போதுதான் நான் சைக்கிள் கதையைச் சொன்னேன். சாமு குஷியாகி, "அவன் கேட்டான், குடுத்தேன்" என்று வக்கீலிடமும் சொன்னான். வக்கீல் சிரிக்கவில்லை. நாளைக்கு ஒருத்தன் வந்து வீட்டைக் கேட்பான், இவன் கொடுத்துவிடுவான் என்றார். அதோடு, கிறிஸ்தவர் உயில் என்றால் கோர்ட்டுக்குப் போய் நிரூபித்து உத்தரவு வாங்க வேண்டும், அதற்கு எத்தனை மாதமோ, அதுவரைக்கும் இந்தப் பிள்ளை எங்கே இருப்பான் என்றும் கேட்டார்.

அவர் சொன்ன வழிதான் டிரஸ்ட். அந்த வார்த்தையைக் கேட்டதும் அப்பா, அதெல்லாம் ஆஸ்பத்திரி கட்டுகிற பணக்காரர்களுக்கு, பார்சல் கிளார்க்குக்கு எதற்கு என்றார். வக்கீல் பொறுமையாக விளக்கினார். அப்பா உயிரோடு இருக்கும்போதே வீட்டை ஒரு பத்திரத்தின் மூலம் டிரஸ்ட்டுக்கு மாற்றி எழுதிப் பதிவு செய்துவிடுவது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற டிரஸ்டி முதலில் அப்பாவேதான், அவருக்குப் பிறகு இன்னார், அவருக்கும் பிறகு இன்னார். வீடு சாமுவின் நன்மைக்கு. அவன் ஆயுசு உள்ளவரை அதை விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. பின்போர்ஷனை வாடகைக்கு விட்டு வருகிற பணம் அவன் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும். அவன் காலத்துக்குப் பிறகு மற்றப் பிள்ளைகளின் வாரிசுகளுக்கு. கல்யாணம் ஆனாலும் சரி, யார் கண்ணை மூடினாலும் சரி, அந்தப் பத்திரம் அப்படியே இருக்கும்.

அப்பா தன் வீட்டில் தானே வாடகைக்காரன் மாதிரி இருக்க வேண்டுமா என்று முறைத்தார். அவர் அப்பா கட்டிய வீடு. அந்த வலி எனக்குப் புரிந்தது. வக்கீல் அதற்கும் பதில் வைத்திருந்தார். அப்பா சாகும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமையை யாரும் எடுக்க முடியாதபடி முதல் வரியாகவே எழுதலாம் என்றார்.

இதெல்லாம் பேசி முடிகிறவரை அண்ணன் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் டைப்ரைட்டர் மேஜைக்குப் பக்கத்தில், ஆபீஸ்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தீர்கள். கடைசியில் அண்ணன் கேட்டே விட்டார்.

"இதுல உங்களுக்கு என்னா வருது?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் பெரிய தம்பி. நான் உள்ள வந்து சாமு வெளிய போகக் கூடாது. அவ்ளோதான்."

அண்ணன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அப்புறம் வக்கீலிடம், "சார், இவங்களும் இவங்க காலம் மட்டும் அந்த வீட்ல இருக்கணும்னு சேத்து எழுதுங்க" என்றார். நீங்கள் வேண்டாம் என்று கையை ஆட்டினீர்கள். அப்பா அதுவரை உங்கள் முகத்தைப் பார்க்காமலே இருந்தவர், தலையை நிமிர்த்தி, "எழுதுங்க சார்" என்றார்.

அந்தப் பத்திரத்தை டைப் அடித்ததும் நீங்கள்தானே. மொத்தப் பத்திரத்திலும் ஒரு எழுத்துப் பிசகு இல்லை. உங்களைப் பற்றிய அந்த ஒரு வரியில் மட்டும் மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறீர்கள். திருத்தத்துக்கெல்லாம் பக்கத்தில் அப்பா சின்னக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போன வாரம்கூட எடுத்துப் பார்த்தேன்.

சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிவு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். போதகர் "தடை ஏதேனும் இருந்தால்" என்ற இடம் வந்ததும் உங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தையைச் சொன்னார். அப்பாவே சிரித்துவிட்டார்.

கல்யாணம் முடிந்த வாரமே அப்பாவை இழுத்துக்கொண்டு போய்ப் புது உயிலும் எழுத வைத்தீர்கள். வீடு போக மீதி இருந்த பிராவிடண்ட் பண்டு, பீரோ, அம்மாவின் நகை எல்லாம் அதில். அங்கேயும் ஒரு கூத்து நடந்தது. சாட்சிக் கையெழுத்து வெளியாட்கள் போடுவதா, மூத்த மகன் நான் இருக்கும்போது என்று அண்ணன் பேனாவைத் திறந்தார். நம் கல்யாண ரிஜிஸ்டரில் நெருங்கிய சொந்தம்தானே சாட்சி போடுகிறது, அந்தப் பழக்கம். வக்கீல் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். உயிலில் எவருக்குச் சொத்து எழுதியிருக்கிறதோ அவரே சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது போச்சாம். அண்ணன் சுடுபாத்திரத்தைத் தொட்ட மாதிரி பேனாவைக் கீழே வைத்தார். வக்கீல் குமாஸ்தாவையும் சுப்பராயலு மாமாவையும் கூப்பிட்டுத்தான் கையெழுத்து வாங்கினோம். மாமா வீட்டுக் கதையை நம்பித்தானே இவ்வளவும் ஆயிற்று, நல்ல பிராயச்சித்தம் என்றீர்கள் நீங்கள்.

அப்பா உங்களோடு நன்றாகவே வாழ்ந்தார். எனக்கும் கல்யாணமாகி காக்ஸ் டவுனுக்குப் போனேன். அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அண்ணன் வந்து உட்கார்ந்தார். பெரியவளுக்கு வரன் வந்திருக்கிறது, கையில் காசு இல்லை, வீட்டுக்கு நல்ல விலை கொடுக்க ஒரு சேட்டு தயாராக இருக்கிறார் என்றார். முடியாது என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நீங்கள் கோபப்படவில்லை, உபதேசமும் செய்யவில்லை. "நானும் விக்க முடியாது, நீங்களும் விக்க முடியாது, சாமுவும் விக்க முடியாது. சாப்புடுங்க" என்று இலை போட்டீர்கள். அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிட்டார். சபையில் கடன் வாங்கி அந்தக் கல்யாணம் நடந்தது, நீங்களும் உங்கள் சம்பளத்தைத் தூக்கிக் கொடுத்தீர்கள்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பத்திரம் இல்லையென்றால் அன்றைக்கு அண்ணன் உங்களைக் கேட்டிருப்பார், நீங்கள் மறுத்திருப்பீர்கள், அவர் என்னைக் கேட்டிருப்பார், நான் திட்டியிருப்பேன், பேச்சுவார்த்தை நின்று, கோர்ட்டில் போய்ப் பார்த்துக்கொண்டிருப்போம். நம் தெருவிலேயே அப்படி எத்தனை வீடு. கூடப் பிறந்தவர்கள் கோயிலில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, திருவிருந்துக்கு மட்டும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறார்கள். நமக்குச் சண்டை போட வழியே வைக்காமல் நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள். அதனால் அண்ணன் எனக்கு இன்றைக்கும் அண்ணன்.

நம் ஆட்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது சின்னம்மா. சவப்பெட்டிக்கு என்று சங்கம் வைத்து மாதா மாதம் சந்தா கட்டுகிறார்கள். கல்லறைக்கு இடம் எது, என்ன பாட்டு பாட வேண்டும், எல்லாம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். உயில் என்று வாயைத் திறந்தால் மட்டும் அபசகுனமாம், இப்போதே என்னைப் புதைக்கப் பார்க்கிறாயா என்கிறார்கள். நான் விடுவதில்லை. ஓலை வாசித்த வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்கிறேன்: முன்னால் எழுதிய உயில் ஏதாவது இருக்கிறதா, கல்யாணமானதும் மறுபடி எழுதுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, பலவீனமான பிள்ளை இருக்கிறானா, வக்கீலைப் பார்த்து டிரஸ்ட் எழுதுங்கள். பொல்லாத வாய் என்று எனக்குப் பெயர். இருக்கட்டும். போன வருடம் மட்டும் இரண்டு வீட்டில் எழுதினார்கள்.

என் உயிலையும் எழுதிவிட்டேன். பத்திரத்தில் உங்களுக்குப் பிறகு டிரஸ்டி நான். எனக்குப் பிறகு யார் என்று கேட்கிறீர்களா? அண்ணனின் பெரியவள். அவளே வந்து கேட்டாள். பாருங்கள், அந்த வீட்டை விற்று அண்ணன் கல்யாணம் செய்துவைக்க நினைத்த அதே பெண்.

கடைசியாக, உங்களை அடக்கம் செய்த நாளைச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் நீங்கள் பார்க்காத முதல் நாள் அது.

கல்லறையிலிருந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். அண்ணன், அண்ணி, பெண்கள், நான், என் வீட்டுக்காரர், சபைக்காரர்கள். சாயங்காலம். சாமு உள்ளே உங்கள் அறைக் கதவில் சாய்ந்து நின்று, வெகுநேரம் அழுதான். சமாதானம் செய்யப் போனவர்களிடம் சின்னம்மா எங்கே என்று கேட்டுக் கேட்டு அழுதான். வாசலில் இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. பாவம், இந்தப் பிள்ளையை இனி யார் வைத்துக்கொள்வார்கள், அண்ணன் கூட்டிப் போவானா, அக்கா கூட்டிப் போவாளா, ஹோமில் விடுவார்களா என்று. எல்லாச் சாவு வீட்டிலும் அந்தக் கேள்வி வரும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போவார்கள். சாமுவைப் போன்ற பிள்ளைகள் அடுத்த நாள் காலையில் யாரோ ஒருவர் வீட்டு மூலையில் துணி மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

நம் வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. பேச ஒன்றுமில்லை. நானும் என் வீட்டுக்காரரும் காக்ஸ் டவுன் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடுவதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். இருட்டத் தொடங்கியது. அண்ணன் தங்கவயல் ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டு எழுந்தார். அப்போது சாமு உள்ளேயிருந்து வந்தான். முகம் வீங்கியிருந்தது. இரண்டு கையிலும் பாய்களை அணைத்துக்கொண்டு, நடுக்கூடத்தில் ஒவ்வொன்றாக விரித்தான். அண்ணனின் பையை வாங்கி மூலையில் வைத்தான். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, வீட்டுக்காரன் மாதிரியே சொன்னான்.

"எங்கயும் போகாதீங்க. எல்லாரும் எங்க வீட்லயே இருங்க."

நாங்கள் இருந்தோம், சின்னம்மா.

உங்கள் மகள்,
கிரேஸ்